பிரிண்டர் பழுதுக்கு இணையத்தில் எண் தேடுகிறீர்களா? கொடைக்கானல் விடுதிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொடைக்கானலிலும் சுற்றுப்புறங்களிலும் சிறு விடுதி, ஹோம்ஸ்டே நடத்துவோர், குறிப்பாக ஒரே மடிக்கணினியில் முன்பதிவு, கணக்கு, வங்கி வேலை அனைத்தையும் பார்ப்போர் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று உதவி கேட்டுப் பேசியதில் எங்களிடமிருந்து 4,999 ரூபாய் பறிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, அதைப்போல ஒன்பது மடங்கைச் சுருட்டும் முயற்சியும் நடந்தது.

மலையில் இருப்பவர்களுக்குக் கணினிப் பழுது என்பது சமவெளியில் இருப்பவர்களுக்கு உள்ளதைப் போன்றதன்று. எங்கள் பிரிண்டருக்கான சேவை மையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கினால் அன்றைய பொழுது அதோடு சரி, அதிலும் சீசன் நெரிசலில் திரும்பி ஏறுவது தனிப் பாடு. வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை இணையவழியில் அரசிடம் பதிந்தாக வேண்டும். அதன் நகலை அச்சிட்டுக் கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். வட்டக்கானலில் தங்க இடம் கிடைக்காத வெளிநாட்டுத் தம்பதியர் அன்று எங்களிடம் வந்திருந்த நேரத்தில்தான் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டி நின்றுவிட்டது. இப்படி அவசரமும் தொலைவும் சேர்ந்த இடத்தில் எவரும் முதலில் செய்வது தொலைபேசியை எடுப்பதுதான்.

பிரிண்டர் நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று தேடியபோது, முதலில் வந்த முடிவில் அந்நிறுவனத்தின் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருந்தன. அதன் தலைமாட்டில் ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகு மீண்டும் தேடிப் பார்த்தபோது கண்டேன். பணம் கொடுத்து இடம் பிடித்த விளம்பரம் என்பதே அதன் பொருள். அந்த எண் உண்மையிலேயே அந்நிறுவனத்துடையது என்பதற்கு அது சான்று ஆகாது. அழைத்தவுடன் எடுத்தார்கள், காத்திருக்கச் சொல்லவில்லை, பாட்டு ஒலிக்கவில்லை. முதலில் இந்தி கலந்த ஆங்கிலத்தில் பேசியவர், சில நொடிகளில் தமிழ் பேசும் ஒருவரிடம் அழைப்பை மாற்றினார். உண்மையான நிறுவனங்களிடம் இந்த மரியாதை கிடைத்தால் நாம் ஏன் விளம்பரங்களைத் தேடப்போகிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சொன்னபடி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ஒரு செயலியைப் பதிவிறக்கி, திரையில் வந்த எண்ணை அவரிடம் சொன்னதும், சுட்டி தானாக நகரத் தொடங்கியது. பிரிண்டர் பக்கம் அவர் போகவே இல்லை. நேராக விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பக்கத்தைத் திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்புக் குறிகளையும் மஞ்சள் முக்கோணங்களையும் காட்டி, “சார், இவ்வளவு எர்ரர் இருக்கு, உங்க நெட்வொர்க்குள்ள யாரோ நுழைஞ்சிருக்காங்க, அதனாலதான் பிரிண்டர் கட் ஆகுது” என்றார். அந்த வரிசையில் ‘டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016’ என்ற ஒன்று பல முறை வந்திருந்தது. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். இது குறித்து மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் ஆவணத்தில், இதனால் கணினியின் இயக்கம் பாதிக்கப்படாது, பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறது. கடையில் வாங்கி வந்து சில நாள் ஓடிய புதுக் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்தாலும் சிவப்பும் மஞ்சளும் இருக்கவே செய்யும், ஏனெனில் அது கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பே தவிர நோய்ப் பட்டியல் அன்று. வாசிக்கத் தெரியாதவரிடம் காட்டுவதற்கு இதைவிட மிரட்டலான பக்கம் விண்டோஸில் வேறு இல்லை என்பதாலேயே இந்தக் கும்பல்கள் அதைத் தேர்ந்தெடுக்கின்றன.

‘நெட்வொர்க் பாதுகாப்பு உரிமம்’ என்ற பெயரில் 4,999 ரூபாய் யுபிஐ வழியாக வாங்கிக்கொண்டார்கள். பிரிண்டர் அப்போதும் அச்சிடவில்லை. மூத்த பொறியாளர் அழைப்பார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்த அழைப்புதான் உண்மையான வேட்டை. மலைப்பகுதிக்கு அவர்களுடைய சேவை இல்லையென்றும், கட்டிய தொகையைத் திருப்பித் தருவதாகவும், அதற்காக மடிக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்து வைக்குமாறும் பணிவாகக் கேட்டார்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு சிறு பெட்டி திறந்தது. அதில் தொகையைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். 4999 என்று அடித்தது, எங்கள் கண்ணெதிரே 49990 ஆக மாறியது. திரை ஒரு கணம் முழுக்க இருண்டு, மீண்டும் வெளிச்சம் வந்தபோது வங்கிப் பக்கத்தில் இருப்புத் தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரம் கூடியிருந்தது. மறுமுனையில் இருந்தவர் அழாத குறையாக, “சார், தப்பா ஒரு சைபர் சேர்ந்துபோச்சு, என் வேலையே போயிடும், மிச்சத்தை இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார்.

அருகில் நின்ற என் மனைவி, “ஏங்க, பணம் வந்திருந்தா பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கணுமே?” என்றார். கைப்பேசியில் எந்தச் செய்தியும் இல்லை. உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப்5 பொத்தானை அழுத்தியதும், கூடியிருந்த ஐம்பதாயிரம் மறைந்து பழைய இருப்பு வந்துவிட்டது. நடந்தது இதுதான்: உலாவியில் திறந்திருக்கும் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் எண்ணையும், பக்கத்தை உருவாக்குவோருக்கான ஒரு கருவியைக் கொண்டு அந்தத் திரையில் மட்டும் மாற்றிக் காட்ட முடியும். வங்கியின் கணினியில் எதுவும் மாறாது. திரையை இருட்டாக்கியது அந்தத் திருத்தத்தைச் செய்வதற்காகத்தான். கேட்டபடி அனுப்பியிருந்தால், வராத பணத்துக்காக எங்கள் சொந்தப் பணம் 44,991 ரூபாய் போயிருக்கும்.

உடனே வைஃபை மோடத்தின் மின் இணைப்பைப் பிடுங்கினோம். அழைப்பைத் துண்டிப்பதைவிட இணையத்தைத் துண்டிப்பதே அந்த நேரத்தில் முதல் வேலை, ஏனெனில் தொலைபேசியை வைத்த பிறகும் அவர்கள் கணினிக்குள்ளேயே இருப்பார்கள். பிறகு என் கைப்பேசியிலிருந்து வங்கிக்கும், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேசினேன். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் முடக்கும் ஏற்பாடு அந்த எண்ணின் பின்னால் இருக்கிறது. அதனால் புகாரை நிதானமாக எழுதிக்கொண்டிருக்காமல் முதலில் பேசிவிட்டு, சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் விவரங்களைப் பின்னர் பதியலாம். முதலில் போன 4,999 திரும்பவில்லை. நாங்களே அனுமதித்த பரிமாற்றம் என்று வங்கி சொன்னது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தன் இரகசிய விவரங்களைத் தானே பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சேரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். தாமதமின்றித் தெரிவிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு விதி போதும்.

பணத்தைவிட எங்களை அதிகம் கலங்கவைத்தது வேறொன்று. அந்த மடிக்கணினியில் விருந்தினர்களின் கடவுச்சீட்டு நகல்களும் ஆதார் நகல்களும் இருந்தன. உலாவியில் முன்பதிவுத் தளங்களின் கடவுச்சொற்கள் சேமிக்கப்பட்டிருந்தன. முன்பதிவுத் தளத்துக்குள் நுழைந்தவரால், விடுதிக்கு வர வேண்டிய பணம் சேரும் வங்கிக் கணக்கை மாற்ற முடியும். எங்கள் பெயரில் விருந்தினருக்கே செய்தி அனுப்பிப் பணம் கேட்கவும் முடியும். ஆகவே வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், முன்பதிவுத் தளங்கள், வங்கி என்ற வரிசையில் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். மின்னஞ்சலை முதலில் மாற்றுவதற்குக் காரணம், மற்றவற்றின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அதன் வழியாகவே செல்கிறது என்பதுதான். இப்போது இந்திய விருந்தினர்களிடம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே வாங்கிக்கொள்கிறோம்.

மடிக்கணினியை நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொடுத்தோம். நாங்கள் அழைக்காமலேயே மீண்டும் உள்ளே வரும்படி அந்தச் செயலியில் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்று வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து அகற்றியவர், எதற்கும் இருக்கட்டும் என்று தேவையான கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகவே நிறுவினார். பிரிண்டர் பழுதின் காரணத்தையும் அவரே சொன்னார். முந்தைய வாரம் இடி மின்னலில் கருகிப்போன மோடத்துக்குப் பதிலாகப் புதியது பொருத்தியிருந்தோம். பிரிண்டரோ பழைய வைஃபையின் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் சிறு திரையில் புதிய வைஃபையைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை இட்டு, மீண்டும் அச்சிடக் கொடுத்ததும், தாள்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் வாங்கியது விண்டோஸ் நிறுவியதற்கான கூலி மட்டும்தான்.

தொலைவிலிருந்து கணினியைச் சரிசெய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் கணக்கு மென்பொருளை விற்றவர் மதுரையிலிருந்து அப்படித்தான் பழுது பார்க்கிறார், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அதற்காகவே செய்யப்பட்ட நேர்மையான கருவிகள். எண் எங்கிருந்து கிடைத்தது என்பதே கேள்வி. பிரிண்டருடன் வந்த உத்தரவாத அட்டையிலும், நிறுவனத்தின் பெயரை முகவரிப் பட்டையில் நாமே தட்டச்சு செய்து திறக்கும் இணையதளத்திலும் உள்ள எண்ணைத் தவிர வேறெதையும் அழைக்காதீர்கள். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று திரை முழுவதும் எச்சரிக்கை வந்து, அதில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால், அது போலி என்று உடனே முடிவுசெய்யலாம். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. அந்தத் திரை மூடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியை நிறுத்திவிடுங்கள்.

அந்த எண்ணை இங்கே ஏன் வெளியிடவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். விளம்பரத்தைப் பற்றித் தேடுபொறிக்குப் புகார் அளித்தேன், அது நீக்கப்பட்டது. பின்னொரு நாள் தேடியபோது அதே வாசகம், அதே இடத்தில், வேறோர் எண்ணுடன் வந்திருந்தது. அதையும் புகார் செய்திருக்கிறேன்.