கிராண்ட்: நினைவுக் குறிப்பா, கடிதங்களா?

1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதியாக இருந்து, பிறகு குடியரசுத் தலைவரான யுலிசிஸ் கிராண்ட்டை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1885இல் தொண்டைப் புற்றுநோயோடு போராடியபடி அவர் எழுதி முடித்த நினைவுக் குறிப்புகள். இன்னொன்று, மனைவி ஜூலியாவுக்கு எழுதிய கடிதங்கள்.

போர்க்களம் புரிய வேண்டுமா, சரி, நினைவுக் குறிப்புகளைப் படியுங்கள். உள்நாட்டுப் போரில் தான் நடத்திய விக்ஸ்பர்க் நகர முற்றுகையை அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார். அதற்கு முன், 1840களில் அமெரிக்கா மெக்சிகோவோடு நடத்திய, தானே சண்டையிட்ட போரை அநியாயம் என்று சொல்லவும் தயங்கவில்லை.

ஆனால் 1854இல் ராணுவத்தை விட்டதை மட்டும், சம்பளத்தில் குடும்பம் நடத்த வழியில்லை என்று சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். அந்த ஆண்டு கலிபோர்னியாவின் ஹம்போல்ட் கோட்டையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பாருங்கள். தனிமை மனிதரை வாட்டுகிறது. ஜூலியாவிடமிருந்து கடிதம் வராதா என்று ஏங்குகிறார். 1852இல் பிறந்த இரண்டாவது மகனின் முகத்தைக்கூட அப்போது அவர் பார்த்திருக்கவில்லை. நான் முதலில் எடுப்பது கடிதங்களைத்தான்.