ஆர்.எஃப்.சி. எண் வரம்புகளோடு ஏழு ஆண்டுகள்

இணையத் தரநிலைகளான ஆர்.எஃப்.சி. ஆவணங்களை அருகில் வைத்துக்கொண்டு நிரல் எழுதத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளில் என் நேரத்தை அதிகம் விழுங்கியது, இரண்டு எண்களுக்கு நடுவே வரும் சிறு கோடு.

பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாகப் பதிவிறக்கும் நிரலில் முதலில் 0-500 என்றும், அடுத்து 500-1000 என்றும் கேட்டேன். இறுதி எண் கணக்கில் சேராது என்பது நான் பழகிய நிரல்மொழியின் வழக்கம். இணையத்தில் கோப்புகளைக் கேட்டுப் பெறும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யிலோ இரு முனைகளும் சேர்ந்தே எண்ணப்படும் என்பதால், 0-499 என்று கேட்டால்தான் 500 பைட்டுகள் வரும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பைட் இருமுறை விழுந்து, கோப்பு திறக்க மறுத்தது. ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்ததால், பிழை முழுவதும் என்னுடையது. ஆனாலும் இம்முறையில் வெற்று வரம்பைக் கேட்க வழியே இல்லை (0-0 என்பதும் ஒரு பைட்தான்). தொடக்க எண்ணை விட்டு -500 என்று எழுதினால், கடைசி 500 பைட்டுகள் என்று பொருள் மாறிவிடுகிறது.

ஆவணமே குழப்பியது, இணையப் பெயர்களுக்கு முகவரி எண்களைத் தரும் டி.என்.எஸ். பதிவுகளின் ஆயுட்காலமான டி.டி.எல். விஷயத்தில். 1987-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1035, அதை ஓரிடத்தில் குறியுள்ள (எதிர்ம மதிப்பும் ஏற்கும்) 32 பிட் முழு எண் என்றும் மற்றோரிடத்தில் குறியற்றது என்றும் சொல்கிறது. 1997-இன் 2181, வரம்பு 0 முதல் 2147483647 வரை என்று தீர்த்து, மேல் பிட் 1 ஆக இருந்தால் மதிப்பைப் பூஜ்யமாகக் கொள்ளச் சொன்னது. 2020-இல் 8767 அந்த விதியையும் மாற்றி, அத்தகைய மதிப்பை நேர்ம எண்ணாகவே கொண்டு, 604800 நொடிகள், அதாவது ஏழு நாட்கள் போன்ற உச்சவரம்புக்குள் அடக்கப் பரிந்துரைத்தது. 2181-ஐ மட்டும் நம்பி எழுதிய என் நிரல், மேல் பிட் 1 ஆன பதிவுகளின் ஆயுளைப் பூஜ்யமாகக் கொண்டு, அவற்றைச் சேமிக்காமலேயே வெகுகாலம் ஓடியது.

வெளியான ஆர்.எஃப்.சி.யின் மூல உரை திருத்தப்படுவதில்லை; பிழைத்திருத்தங்கள் தனியே பதிவாகின்றன, மாற்றங்கள் புதிய எண்ணில் வருகின்றன. ஆகவே எந்த ஆவணத்தைத் திறந்தாலும், பின்னர் அதைத் திருத்திய ஆவணங்களின் எண்களையே முதலில் பார்க்கிறேன். டி.டி.எல். சோதனையில் 2147483647-உடன், மேல் பிட் 1 ஆகும் முதல் எண்ணான 2147483648-உம் இப்போது நிரந்தரமாக இடம்பெற்றிருக்கிறது.