அப்பாவுக்கு முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ்: எக்ஸ்பேன்ஸா, டாக்டர் ஹூவா, பழைய ஸ்டார் ட்ரெக்கா?

முதல்லயே சொல்லிடறேன், என் ஓட்டு ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்குத்தான். 1987லேருந்து 1994 வரைக்கும் வந்தது, வழுக்கைத்தலை கேப்டன் பிக்கார்ட் இருப்பாரே, அந்த சீரிஸ். எங்க வீட்ல அப்பாவுக்கு அதைத்தான் போட்டேன், இப்ப வசந்தம் சேனல்ல செய்தி முடிஞ்சதும் "இன்னிக்கு ஒண்ணு பாப்பமா"ன்னு அவரே கேக்குறாரு. மத்த ரெண்டும் மட்டமான சீரிஸ்னு யாரும் நினைச்சிடாதீங்க, சொல்லப்போனா நான் தனியா பாக்க எனக்கு ரொம்ப பிடிச்சது எக்ஸ்பேன்ஸ்தான். ஆனா நமக்கு பிடிச்சதுங்கறது வேற, சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே எந்திரிச்சு போற ஒருத்தருக்கு முதல்ல எதை போடறதுங்கறது வேற.

அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, ஷிப்யார்ட்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, அந்த காலத்து சிங்கப்பூர் உமறுப்புலவர் பள்ளியில தமிழ்லயே படிச்சவரு. இங்லீஷ் பேசுவாரு, கேட்டா புரிஞ்சிப்பாரு, ஆனா சப்டைட்டில் வேகமா ஓடுச்சுன்னா பாதிதான் படிக்க முடியும். "ராக்கெட்டு, பச்ச மூஞ்சி மனுஷன், இதெல்லாம் சின்னப்புள்ளைங்க பாக்குறதும்மா"ம்பாரு. நிறைய பேர் வீட்ல அப்பா அம்மா இப்படித்தான் இருப்பாங்கன்னு நினைக்கிறேன், வெறுப்புன்னு எதுவும் கிடையாது, அதுல தனக்குன்னு ஒண்ணும் இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, அவ்ளோதான்.

கிராஃபிக்ஸ்ல எது பெஸ்ட்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு எக்ஸ்பேன்ஸ்னு சொல்லலாம், அதுக்கு மேல அதைப்பத்தி பேச ஒண்ணுமில்ல. நெக்ஸ்ட் ஜெனரேஷன் படம் பழைய டிவி சைஸ்ல வரும், ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை இருக்கும், எண்பதுகள்ல டிவி பாத்து பழகுனவங்களுக்கு அது ஒரு குறையாவே தெரியாது. எது எந்த ஆப்ல வருதுங்கறதும் அடிக்கடி மாறும், நீங்களே தேடி பாத்துக்கோங்க.

என்னைக் கேட்டா முடிவு பண்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான்: உக்காந்து பாக்குற அந்த முக்கா மணி நேரத்துக்குள்ள கதை முடியணும். வயசானவங்க டிவி பாக்குற விதமே வேற. நாம சனிக்கிழமை ஒரே மூச்சுல நாலஞ்சு எபிசோட் பாத்துடுவோம், அவங்க செவ்வாய்க்கிழமை ஒண்ணு பாப்பாங்க, அப்புறம் ஒரு சொந்தக்காரங்க வளைகாப்பு, பாலிகிளினிக் அப்பாயின்மென்ட், பேரனை டியூஷன்ல விட்டு கூட்டிட்டு வரணும், தைப்பூச விரதம்னா எங்கப்பா டிவி பக்கமே வர மாட்டாரு, திரும்ப வந்து உக்காரும்போது போனவாட்டி என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது, சில நாள் நடுவுலயே கண்ணசந்துடுவாரு. தொடர்கதையா இருந்தா அப்ப நாம நிறுத்தி நிறுத்தி கதை சொல்லணும். ஒரு தடவ கேப்பாங்க, ரெண்டு தடவ கேப்பாங்க, மூணாவது தடவ கேக்க அவங்களுக்கே கூச்சமா போயிடும், "நீ பாரும்மா, எனக்கு தூக்கம் வருது"ன்னு உள்ள போயிடுவாங்க. பெத்தவங்க ஒரு சீரிஸ பாதியில விடறதுக்கு பிடிக்காம போறத விட இந்த கூச்சம்தான் பெரிய காரணம்னு நான் உறுதியா நம்பறேன். புள்ளைகிட்ட "புரியல"ன்னு திரும்பத் திரும்ப சொல்றது அந்த வயசுல யாருக்கும் சுலபமில்ல.

இதுக்கு எங்கக்கா ஒரு கேள்வி கேட்டா, ஆயிரம் எபிசோட் மெகா சீரியல் பாக்குறவங்களுக்கு தொடர்கதை என்ன கஷ்டம்னு. நல்ல கேள்விதான், நானும் அதை ரொம்ப யோசிச்சேன். மெகா சீரியல்ல மாமியார், நாத்தனார், ஓரகத்தின்னு உறவ சொன்னதுமே யாருக்கு யார் மேல கோபம் இருக்கும்னு பாதி தெரிஞ்சிடும், ஒரு மாசம் விட்டுட்டு வந்தாலும் புடிச்சிக்கலாம், போதாததுக்கு நேத்து நடந்ததையும் திருப்பி காட்டுவாங்க. எக்ஸ்பேன்ஸ்ல பூமி, செவ்வாய், ஆஸ்டிராய்டு பெல்ட்டுன்னு மூணு தரப்பு, பெல்ட்டுக்குள்ள ஓபிஏன்னு ஒரு இயக்கம், அதுலயும் பல கோஷ்டி, இதுக்கு நடுவுல புரோட்டோமாலிக்யூல்னு வேற்றுகிரகத்துப் பொருள் ஒண்ணு. இது எதையுமே ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணோட சேத்து வச்சிக்க வழியில்ல, எல்லாத்தையும் புதுசா மனப்பாடம் பண்ணணும்.

அதுக்காக எக்ஸ்பேன்ஸ தள்ளிடாதீங்க. 2015லேருந்து 2022 வரைக்கும் 6 சீசன், 62 எபிசோட், முதல் 3 சீசன் சிஃபி சேனல்ல வந்துச்சு, அவங்க நிறுத்துனதும் அமேசான் எடுத்துக்கிச்சு. அதுல ஐநா சபையில பெரிய பதவியில இருக்கிற அவசரலாங்கற அம்மாவா ஷோரே அக்தஷ்லு நடிச்சிருப்பாங்க, பட்டும் நகையுமா ஒவ்வொரு சீன்லயும் கட்டியிருக்கிற சேலைய பத்தி மட்டுமே என் பிரண்டோட அம்மா அரைமணி நேரம் பேசுனாங்களாம், கதை மட்டும் அவங்களுக்கு ஒட்டவே இல்ல. கப்பல் வேகத்த குறைக்க அப்படியே திரும்பி எதிர்ப்பக்கமா இன்ஜின ஓட்டணும்ங்கற மாதிரி விஷயமெல்லாம் சரியா காட்டியிருப்பாங்க, ஷிப்யார்ட் ஆளுக்கு அது பிடிக்கும். சீரஸ்ங்கற குறுங்கோள்ல தண்ணிய அளந்து குடுக்கிற, சனிகிரகத்து வளையத்துலேருந்து ஐஸ் வெட்டி கப்பல்ல கொண்டாற கதையெல்லாம் 1963ல சிங்கப்பூர்ல தண்ணி ரேஷன் இருந்தப்ப வாளி தூக்குன தலைமுறைக்கு நல்லாவே புரியும். ஆனா கெட்ட வார்த்தை ஏராளம், அவசரலாம்மா வாயிலேருந்தே வரும், முதல் எபிசோட்லயே ரிமோட்ட தேட வைக்கிற சீன் ஒண்ணு இருக்கு, பெல்ட்டு ஆளுங்க பேசுற கலப்பு மொழி நமக்கே சப்டைட்டில் இல்லாம புரியாது. இதை ரெண்டாவது சீரிஸா வச்சிக்கலாம், முதல் சீரிஸா வேணாம்.

டாக்டர் ஹூ விஷயம் வேற, காலம் விட்டு காலம் போற டாக்டர்ங்கறவரோட கதை, அது நான் சொன்ன அந்த முக்கியமான பரீட்சையில பாஸ் ஆயிடும், பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு கதை. 1963ல ஆரம்பிச்சது, 2005ல புதுசா மறுபடி ஆரம்பிச்சாங்க, அங்கேருந்து பாத்தா போதும். ஓவியர் வான் கோவ நிகழ்காலத்துக்கு கூட்டிட்டு வந்து பாரிஸ் மியூசியத்துல அவரோட படங்களயே அவருக்கு காட்ற 2010 எபிசோட பாத்து கலங்காதவங்கள நான் பாத்ததில்ல. 2018ல வந்த டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப், 1947 பிரிவினை சமயத்துல எல்லையில நடக்கிற ஒரு கல்யாணம், நம்ம ஊரு பெரியவங்களுக்கு விளக்கமே தேவையில்லாத கதை. பிரச்சனை என்னன்னா வசனம் ரொம்ப வேகம், டாக்டரா வர்ற டேவிட் டெனன்ட்டும் மேட் ஸ்மித்தும் பேசுற ஸ்பீடுக்கு எங்கப்பா ஈடு குடுக்க முடியாது, ஹீரோவோட முகமே அப்பப்ப மாறிடும், நிறைய எபிசோட்ல வர்ற ராட்சச பொம்மைங்கள பாத்தா "நான்தான் சொன்னேன்ல, சின்னப்புள்ளைங்க பாக்குறது"ன்னு முடிச்சிடுவாரு. பேரப்புள்ளையும் தாத்தாவும் சேந்து பாக்குற வீடுன்னா இதுவே முதல் இடத்துக்கு வரலாம், எங்க வீட்ல அப்படி பாத்து பழக்கமில்ல, அதனால அடிச்சு சொல்ல மாட்டேன்.

இப்ப நெக்ஸ்ட் ஜெனரேஷன். 7 சீசன், 178 எபிசோட், அதுல பெரும்பாலானது தனித்தனிக் கதை. ஒரு கப்பல், ஒரு கேப்டன், கூட ஏழெட்டு பேரு, அந்த முகங்கள் மனசுல பதிஞ்சிடுச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும். பிக்கார்டா நடிக்கிற பேட்ரிக் ஸ்டூவர்ட் ஷேக்ஸ்பியர் நாடக மேடையிலேருந்து வந்தவரு, ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி தெளிவா விழும், எங்கப்பா சப்டைட்டில பாக்காமலே கேட்டுக்கிட்டாரு. ஆனா தயவுசெஞ்சு முதல் எபிசோட்லேருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் சீசன் தடுமாற்றமான சீசன், அதுலேருந்து போனா அஞ்சாவது எபிசோடுக்குள்ள ஆள் காணாம போயிடுவாங்க.

நான் முதல்ல போட்டது ரெண்டாவது சீசன்ல வர்ற தி மெஷர் ஆஃப் எ மேன், 1989ல வந்தது. சயின்ஸ் ஃபிக்‌ஷன்னே சொல்லல, "ஒரு கோர்ட் கேஸ்பா"ன்னுதான் சொன்னேன். கப்பல்ல வேல பாக்குற டேட்டாங்கற இயந்திர மனுஷன பிரிச்சு ஆராய்ச்சி பண்ணணும்னு ஒருத்தன் வர்றான், டேட்டா முடியாதுன்னு ராஜினாமா பண்றான், ராஜினாமா பண்ண அவனுக்கு உரிமை இருக்கா, இல்ல அவன் கப்பலோட சாமானான்னு விசாரணை. அவனோட சொந்த நண்பனே அவனுக்கு எதிரா வாதாட வேண்டிய நிலைமை, நடுக்கோர்ட்டுல அந்த நண்பன் டேட்டாவோட சுவிட்ச ஆஃப் பண்ணிடுவான். கோர்ட் சீன்னா நம்மாளுங்க நிமிந்து உக்காருவோம்ல, அப்பாவும் உக்காந்தாரு. முடிஞ்சதும் "உழைக்கிறவன சாமான்னு சொல்ல எவனுக்கு உரிமை இருக்கு"ன்னு ஆரம்பிச்சு ஷிப்யார்ட் கதையெல்லாம் வந்துச்சு.

ரெண்டாவது, நாலாவது சீசன்ல ஹாஃப் எ லைஃப், 1991. இதுக்காகவே இந்த சீரிஸுக்கு ஓட்டு போடுவேன். அதுல வர்ற ஒரு கிரகத்துல 60 வயசானா சடங்கு மாதிரி உயிர விட்டுடணும், புள்ளைங்களுக்கு பாரமா இருக்கக்கூடாதுன்னு வழக்கம். அழிஞ்சிட்டு இருக்கிற தன் சூரியன காப்பாத்த ஆராய்ச்சி பண்ற டிமிசினுக்கு 60 ஆகப்போகுது, வேல இன்னும் முடியல. அவர சாகக்கூடாதுன்னு தடுக்கிறது ஒரு பொம்பள, "வீட்டுக்கு வாங்கப்பா"ன்னு சாவுக்கு கூப்பிட வர்றது சொந்த மக. யாரையும் கெட்டவங்களா காட்ட மாட்டாங்க. இங்க சிங்கப்பூர்ல 1995ல பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு, 60 வயசு ஆன, தன்னை தானே பாத்துக்க முடியாத பெத்தவங்க புள்ளைங்ககிட்ட செலவுக்கு கேட்டு மனு போடலாம்னு, அப்பா உடனே அதைத்தான் எடுத்தாரு, அந்த மக சொல்றதுலயும் நியாயம் இருக்கான்னு எங்களுக்குள்ள பெரிய விவாதம். அறுபது தாண்டுன அப்பாகிட்ட இந்த பேச்ச நாமளா எடுக்கவே முடியாது, ஒரு கப்பல் கதைய சாக்கா வச்சு பேசிட்டோம்.

மூணாவதா சாரெக், வயசாகி மனசு கட்டுப்பாட்ட இழக்குற ஒரு பெரிய ராஜதந்திரியோட கதை, வீட்ல மறதி நோய் பாத்தவங்களுக்கு கொஞ்சம் கனமா இருக்கும், பாத்து போடுங்க. ஹியூகோ விருது வாங்குன தி இன்னர் லைட்ட எல்லாரும் முதல்ல போடச் சொல்வாங்க, நான் வேணாம்பேன். குடும்பமே இல்லாத பிக்கார்ட் இன்னொருத்தரா பொண்டாட்டி, புள்ளைங்க, பேரப்புள்ளைன்னு ஒரு முழு ஆயுச வாழ்ந்துட்டு கண் முழிக்கிறப்ப கப்பல்ல அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர முன்னாடியே நல்லா தெரிஞ்சிருந்தாதான் அது நெஞ்சுல குத்தும், ஏழெட்டு எபிசோட் கழிச்சு போடுங்க.

குறைன்னு பாத்தா, நடுநடுவுல வார்ப் கோர், டெஃப்லெக்டர்னு புரியாத டெக்னிக்கல் பேச்சு வரும், அதை அப்படியே விட்டுட சொல்லுங்க, கதைக்கு அது தேவைப்படாது. சண்டை, வேகம் எதிர்பாக்குறவங்களுக்கு இது உக்காந்து பேசிட்டே இருக்கிற சீரிஸா தெரியும்.

மத்தத வேகமா சொல்லிடறேன். 2004ல வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவோட டைட்டில் பாட்டுல காயத்ரி மந்திரம் வரும், பெரியவங்க காது உடனே நிமிரும், ஆனா அதுவும் முழுக்க தொடர்கதை, பெட்ரூம் சீனும் உண்டு. பிளாக் மிரர் போடறதா இருந்தா முதல் எபிசோட பெத்தவங்களோட உக்காந்து பாக்கவே பாக்காதீங்க. டார்க்குங்கற சீரிஸ் ஜெர்மன் மொழி, ஒரே ஆள மூணு வயசுல மூணு நடிகருங்க, எங்கப்பாவுக்கு கட்டாயம் ஆகாது. ஃபார் ஆல் மேன்கைண்ட், 1969ல ரஷ்யாக்காரங்க முதல்ல நிலாவுல இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு கற்பனை, அந்த வருஷத்த நேர்ல பாத்தவங்களுக்கு நல்லா ஒட்டும்னு தோணுது, நான் அப்பாவோட கொஞ்சம்தான் பாத்திருக்கேன், அதனால நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு சமமா வச்சு பேச எனக்கு அனுபவம் பத்தாது. அதே மாதிரி இங்லீஷ் சுத்தமா வராத அம்மா அப்பாவுக்கு இதுல எதுவும் சரிப்படுமான்னும் என்னால சொல்ல முடியாது, நான் சொன்னதெல்லாம் காதால கேட்டு புரிஞ்சிக்கிறவங்களுக்குத்தான்.

எங்க வீட்ல அடுத்தது ஸ்டார் ட்ரெக்லயே இன்னொரு சீரிஸான டீப் ஸ்பேஸ் நைன் போடலாம்னு இருக்கேன். 1993லேருந்து 1999 வரைக்கும் வந்தது, தனித்தனிக் கதையா ஆரம்பிச்சு கடைசி சீசனுங்கள்ல தொடர்கதையா மாறிடும், அதுக்குள்ள அப்பாவுக்கு அந்த உலகம் நல்லா பழகியிருக்கும். அதையும் தாண்டி வந்துட்டாருன்னா எக்ஸ்பேன்ஸ், அந்த முதல் எபிசோட் சீன ஓட்டி விட்டுட்டு.