கிராசிங் போச்சு, மிச்சம் என்ன? மதுரை – நாகர்கோவில் இரட்டைப் பாதை பற்றி ஒரு பயணி

எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் ஏறிப் பழகியவர்களுக்குக் கிராசிங் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருப்பது ஒற்றைத் தண்டவாளம், எதிரே ஒரு வண்டி வருகிறது, இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கியாக வேண்டும். நம் வண்டி நள்ளியிலோ குமாரபுரத்திலோ நாரைக்கிணற்றிலோ போய் நிற்கும், பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரமும் ஒரு நாயும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், இருபது நிமிடம் கழித்து எதிர் வண்டி தடதடவென்று ஓடி மறையும், அப்பாடா என்று நிமிர்ந்தால் "பின்னாலயே இன்னொண்ணு வருது" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. ஆனால் வரும்.

இந்தப் பாதையில் முப்பது வருடமாகப் போய் வருகிறேன். சொந்த ஊர் நெல்லை, பிழைப்பு மதுரையில், பெண் கொடுத்தது நாகர்கோவிலில். அதனால் இந்த மதிப்பீட்டை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று சுருக்கமாக. மதுரைக்கு வடக்கே இரட்டைப் பாதை முன்பே வந்துவிட்டது, தெற்கேதான் இழுத்துக்கொண்டே கிடந்தது. மதுரை – திருமங்கலம் துண்டு 2023 மார்ச்சில் முடிந்ததும் சென்னையிலிருந்து நெல்லை வரை இரண்டு தண்டவாளம் என்றாகிவிட்டது. அந்தக் கடைசித் துண்டுக்காக அந்த வருடத் தொடக்கத்தில் பட்ட பாடு தனி, பல வண்டிகள் ரத்து, சில வண்டிகள் மானாமதுரை, அருப்புக்கோட்டை என்று ஊர் சுற்றி விருதுநகர் வந்து சேர்ந்தன. அப்புறம் வாஞ்சி மணியாச்சி – நாகர்கோவில் இரட்டைப் பாதை, சுமார் 1,477 கோடி ரூபாய் வேலை, அதைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

சரி, பயணிக்கு என்ன கிடைத்தது?

முதல் வித்தியாசம் காதில் விழும். முன்பெல்லாம் சின்ன ஸ்டேஷனில் ஒதுங்க வேண்டுமென்றால் வண்டி மெயின் லைனை விட்டுப் பிரியும் ஓரத் தண்டவாளமான லூப் லைனுக்குள் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் 30 கிலோமீட்டர் வேகம்தான். ஆக, நிற்கிற நேரம் மட்டும் நஷ்டமில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கடகடவென்று பெட்டி ஆடி உள்ளே போய், நின்று, மறுபடி கிளம்பி, கடைசிப் பெட்டி மெயின் லைனுக்கு ஏறும் வரை நத்தை மாதிரி ஊர்ந்து, அதற்கப்புறம்தான் வேகம் பிடிக்கும். பத்து நிமிட கிராசிங் என்று சொல்வார்கள், கணக்குப் பார்த்தால் வண்டிக்கு இருபது நிமிடம் போயிருக்கும். இப்போது போன மாதம் மதுரையிலிருந்து பகல் இன்டர்சிட்டியில் வந்தபோது துலுக்கப்பட்டி, நள்ளி, இளவேலங்கால் எல்லாம் பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் போய்விட்டன. எதிர் வண்டிகள் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சத்தத்தோடு கடந்து போகின்றன, யாரும் ஜன்னல் வழியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நாட்டில் எங்கும் நடப்பதுதானே என்று கேட்கலாம். ஆனால் ஒற்றைப் பாதையில் ஒரு வியாதி உண்டு, தாமதம் தொற்றும். தெற்கே ஒரு வண்டி அரை மணி பிந்தினால் அதற்காக எதிரே காத்திருக்கும் வண்டியும் பிந்தும், அதற்காகக் காத்திருப்பதும் பிந்தும், இப்படி நாகர்கோவிலில் தொடங்கியது விருதுநகர் வரை வந்து சேரும். தப்பே செய்யாத வண்டிக்கும் தண்டனை. இரட்டைப் பாதையில் ஒன்று பிந்தினால் அதன் பின்னால் வருவதுதான் மாட்டும், எதிர்த் திசைக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வேகத்தை விட இந்த நம்பகம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் நெல்லையில் பத்தரைக்கு முகூர்த்தம் என்றால் முதல் நாள் இரவே வந்துவிடுவேன், இப்போது காலை வண்டியை நம்புகிறேன்.

மணியாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடிப் பாதை பிரிகிற இடம் என்பதால் அங்கே காத்திருப்பது என்பது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதே, இணைப்பு வண்டிக்காக அந்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த பெட்டியில் வைத்துத்தான். துறைமுகச் சரக்கு வண்டிகளும் இந்த வழியாகத்தான் வர வேண்டும், அவற்றுக்கு இடம் விட்டு நாம் நின்ற நாட்கள் எத்தனையோ.

வந்தே பாரத் வந்ததும் பாதை தயாரானதால்தான். எழும்பூர் – நெல்லை வண்டி 2023 செப்டம்பர் 24 அன்று 8 பெட்டியோடு தொடங்கியது, 7 மணி 50 நிமிடத்தில் சென்னை. டிக்கெட் கிடைக்காமல் சனம் அலைந்ததைப் பார்த்து அதை 16 ஆக்கி, பிறகு 20 ஆக்கினார்கள். நாகர்கோவிலுக்கும் 2024 ஆகஸ்ட் 31 முதல் தனியாக ஒன்று ஓடுகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் இந்த வண்டிக்கு வழி விடுவதற்காகவே மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்ட வேண்டியிருந்திருக்கும். சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை, வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது.

இனி குறை. தண்டவாளம் இரண்டானது, ஆனால் சாதாரண சனத்துக்கான வண்டி இரண்டானதா? கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்கு வேலைக்குப் போகிறவர், சாத்தூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், இவர்களுக்கு வேண்டியது எழும்பூர் போகும் ஏசி வண்டி இல்லை. முன்பதிவில்லாப் பெட்டிகளோடு மணிக்கு ஒன்றாக ஓடும் மெமு, அதாவது குறுந்தூர மின்சார வண்டி மாதிரி ஏதாவது வேண்டும். பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30-லிருந்து மறுபடி 10 ரூபாய்க்குக் கொண்டு வந்தார்கள், நல்லது, ஆனால் ஏறுவதற்கு வண்டி வேண்டுமே. இன்றைக்கும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் நெல்லை பஸ் நின்றுகொண்டிருக்கிறது, கண்டக்டர் கூப்பிட்டு ஏற்றுகிறார். நாலுவழிச் சாலையோடு போட்டி போட, வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் மட்டும் போதாது, அடிக்கடியும் வர வேண்டும்.

இரண்டாவது குறையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஒற்றைப் பாதையாக இருந்தபோது சின்ன ஸ்டேஷன்களில் வண்டி பெரும்பாலும் ஆபீஸ் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே வரும். இப்போது போகிற திசைக்கு ஒன்று, வருகிற திசைக்கு ஒன்று. பாதி வண்டிகளுக்குப் படி ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், முழங்கால் வலிக்காரியான என் அம்மாவை நடைமேம்பாலத்தில் ஏற்றி இறக்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அம்மா நடுப்படியில் உட்கார்ந்து "முன்ன மாதிரி ஒத்தத் தண்டவாளமே இருந்திருக்கலாம்யா" என்றாள். இவ்வளவு கோடி செலவழித்த இடத்தில் இதற்கும் ஒரு வழி பார்த்திருக்கலாம்.

மூன்றாவது, இது குறையா கூத்தா என்று தெரியவில்லை. பாதை மாறினாலும் சில வண்டிகளின் கால அட்டவணை பழைய கிராசிங் நேரத்தையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கிறது போல. ஒரு இரவு வண்டி ஊருக்கு முந்தின ஸ்டேஷன் வரை பறந்து வந்துவிட்டு, ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் போய்ச் சும்மா நிற்கிறது. நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டு நேரத்துக்காகக் காத்திருக்கிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன்.

நாகர்கோவிலைத் தாண்டி திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே இரட்டைப் பாதை வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நெல்லை – திருச்செந்தூரும் ஒற்றைத் தண்டவாளம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். ஜல்லியை அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்த பிறகு, எத்தனை தண்டவாளம் என்பதோடு கரையும் மதகும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

மதிப்பெண் கேட்டால் பாதைக்கு ஐந்துக்கு நாலரை, அதில் ஓட்டுகிற வண்டிகளுக்கு மூன்று, படிக்கட்டுக்கு ஒன்று.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நெல்லையிலிருந்து தெற்கே போனால் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நாங்குநேரி தாண்டியதும் மலை கூடவே வரும், வள்ளியூர் கழிந்து ஆரல்வாய்மொழி நெருங்கும்போது காற்றாலைகள் ஆரம்பித்துவிடும், ஜூன், ஜூலை என்றால் சாரல் காற்று முகத்தில் அடிக்கும். மதுரை – நெல்லைப் பக்கம் போனால் கடம்பூர் போளியை மட்டும் கோவில்பட்டியிலேயே வாங்கிவிடுங்கள். போன தடவை போளிக்காரர் ஒருவர் ஏறியவுடன் அரக்கப்பரக்க நாலு பெட்டி ஓடினார். என்ன அவசரம் என்றேன். "முன்ன ஒவ்வொரு ஊரா வண்டி கெடக்கும் அண்ணாச்சி, பொறுமையா வித்துக்கிடலாம். இப்ப எங்க நிக்க மாட்டேங்கு" என்று சொல்லிக்கொண்டே சில்லறையைக் கையில் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.