பேக்கார்டு நியான்: 1910, 1923, 1925 – எந்தக் கதை நிற்கும்?

பழைய கார் விளம்பரப் பலகை என்று பேச்செடுத்தாலே ஒரு கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். லாஸ் ஏஞ்சலஸின் பேக்கார்டு கார் விற்பனையாளர் ஏர்ல் சி. ஆண்டனி, 1923-ல் பாரிஸில் ஜார்ஜ் க்ளாடின் கம்பெனியிடம் இரண்டு நியான் பலகைகள் (நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் மின்சாரத்தில் ஒளிரும் பலகைகள்) வாங்கி வந்து மாட்டினார். அமெரிக்காவின் முதல் நியான் அதுதான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொண்டது. முதல் கார் நியான் எப்போது என்பதில் இதற்குப் போட்டியாக 1910, 1925 என்று இன்னும் இரண்டு ஆண்டுகளும் சொல்லப்படுகின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் 1910. ஆதாரத்தில் சந்தேகமில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 3 முதல் 18 வரை நடந்த பாரிஸ் மோட்டார் ஷோவில், தலா 12 மீட்டர் நீளமுள்ள இரண்டு நியான் குழாய்களை க்ளாட் எரியவிட்டார். ஆனால் அதில் எழுத்தும் இல்லை, கார் பெயரும் இல்லை. வெறும் விளக்கு. கார் கண்காட்சியில் எரிந்ததாலேயே அதைக் கார் விளம்பரம் என்று எழுதுவது, கல்யாண மண்டபத்து சீரியல் செட்டை மாப்பிள்ளையின் பெயர்ப்பலகை என்பது மாதிரி. இதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுகொண்டவர் க்ளாடின் கூட்டாளி ஜாக் ஃபோன்செக். 1913-ல் பாரிஸில் பெரிதாக ஒளிர்ந்த பெயரும் சின்சானோ என்ற மது, கார் அல்ல.

க்ளாட் நியானைக் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. 1898-ல் லண்டனில் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் அந்த வாயுவைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். வாயு நிரப்பிய குழாயில் ஒளி வரவைக்கும் வேலையையும் அமெரிக்காவில் மூர் என்ற பொறியாளர் ஏற்கெனவே செய்திருந்தார். நைட்ரஜனும் கரியமில வாயுவும் எரிய எரியக் குறைந்துகொண்டே போனதால், அவருடைய குழாய்க்கு வால்வு வைத்து வாயுவை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. க்ளாடின் உண்மையான சாதனை எலெக்ட்ரோடில், அதாவது குழாயின் இரு முனையிலும் மின்சாரத்தை உள்ளே விடும் உலோகத் துண்டில் இருக்கிறது. எலெக்ட்ரோடு சிறிதாக இருந்தால் சூடேறும். உலோகம் துகளாகச் சிதறிக் கண்ணாடியில் கரியாகப் படியும். அந்தப் படிவு வாயுவையும் விழுங்கிவிடும். அழுத்தம் இறங்கிக் குழாய் செத்துப்போகும். ஆகவே ஒரு ஆம்பியருக்கு 1.5 சதுர டெசிமீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும் என்று காப்புரிமையில் எழுதினார். 30 மில்லியாம்பியரில் ஓடும் குழாய்க்குக் கணக்குப் போட்டால் 4.5 சதுர செ.மீ. அமெரிக்காவில் இந்தக் காப்புரிமை (எண் 1,125,476) கிடைத்த நாள் 1915 ஜனவரி 19.

அடுத்தது 1923. எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான், சான்று மெலிந்ததும் இதுதான். விலையிலேயே தடுமாறுகிறது. இரண்டுக்கும் சேர்த்து 24,000 டாலர் என்பார் சிலர், ஒன்றுக்கு 1,250 டாலர் என்பார் சிலர். கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்! நியான் பலகைகளின் வரலாற்றை ஆராயும் டிடியா டெலைசரும் பால் கிரீன்ஸ்டீனும் இதைத் தேடித் துருவியபோது, 1923-ல் அங்கே நியான் இருந்ததற்கான ஆதாரம் அகப்படவில்லை. தெருவே அடைத்துக்கொண்டது என்றால் அன்றைய பத்திரிகையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா?

1925-க்கோ அந்தப் பேக்கார்டு நியானின் புகைப்படமே இருக்கிறது. எங்கள் தீர்ப்பு இதன் பக்கம்தான். லாஸ் ஏஞ்சலஸில் பேக்கார்டு நியான் எரிந்தது உண்மை. ஆண்டு 1925 என்று சொல்லலாம். ‘அமெரிக்காவிலேயே முதல்’ என்ற பட்டத்தை மட்டும் இந்தப் படத்தை வைத்துக் கொடுக்க முடியாது.

ஏலத்தில் ‘1923 காலத்து நியான்’ என்று எதையாவது நீட்டினால், கதையை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். முதலில் நிறம். தெளிந்த கண்ணாடிக்குள் நியான் மட்டும் இருந்தால் செம்மஞ்சள் சிவப்பு. ஆர்கானும் பாதரசமும் சேர்ந்தால் நீலம். குளிரில் இது மங்கும். குழாயின் உள்சுவரில் வெள்ளைப் பொடி பூசியிருந்தால் அந்தக் குழாய் 1920களுடையது அல்ல, அந்தப் பூச்சு 1930களில் வந்தது. ஆனால் குழாய் உடையும், மாற்றுவார்கள். குழாயை மட்டும் வைத்துப் பலகைக்கு வயது சொல்லாதீர்கள்.

பலகையின் எனாமல் முகப்பில் (இரும்புத் தகட்டில் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்டது) குழாய் நுழையும் துளைதான் அதிகம் பேசும். தொழிற்சாலையில் தகட்டைத் துளைத்த பிறகுதான் எனாமல் பூசிச் சூளையில் சுடுவார்கள். அதனால் துளையின் விளிம்பில் எனாமல் வழிந்து உள்பக்கமும் மடிந்திருக்கும். விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும். வெறும் எனாமல் பலகையைப் பிற்பாடு டிரில் போட்டு நியானாக மாற்றியிருந்தால், துளையைச் சுற்றிச் சில்லு சில்லாகப் பெயர்ந்து இரும்பு தெரியும். நியான் என்றால் விலை ஏறும் என்பதால் இந்த வேலை நிறையவே நடக்கிறது. சில்லு பெயர்ந்த இடத்தைப் பெயின்ட் வைத்து மறைத்திருந்தால் ஒரு மூலையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் உரியும், எனாமல் உரியாது.

எரிகிறதா என்று பார்க்க பிளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை தரும். பழைய ரப்பர் ஒயர் வெடித்து, டிரான்ஸ்ஃபார்மருக்குள் காப்புக்காக அடைத்த தாரும் உருகி வழிந்திருந்தால் தகரப் பெட்டி முழுக்க மின்சாரம் பாயும். குழாயைக் கழற்றி, தெரிந்த நியான் மெக்கானிக்கிடம் தனியாகக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.