காய்ப்புழுக் கட்டுப்பாடு: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அந்துப்பூச்சியின் புழுப் பருவமான, காய்களைத் துளைத்துத் தின்னும் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஒப்பிடும்போது, எது விரைவாகக் கொல்லும் என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. அந்த வழி பூச்சியின் எந்தப் பருவத்தில் குறுக்கிடுகிறது, அதன்பின் வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் எவ்வளவு மிஞ்சும் என்ற இரண்டையும் அதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொல்லும் வேகத்தில் ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு இணையில்லை. ஆனால் பலவகைப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்துகள் சிலந்தி, பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி ஆகியவற்றையும் அழித்துவிடுவதால், தப்பிப் பிழைத்த தீமைப் பூச்சி எதிரிகளின்றி முன்னிலும் வேகமாகப் பெருகுகிறது. நெல்லில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் பெருந்தொல்லையாக மாறியதற்கு இதுவே முக்கியக் காரணம். இந்தோனேசியா 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்ததும் இதன் தொடர்ச்சியே.

முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா முற்றிலும் வேறு இடத்தில் குறுக்கிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய இந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுவதால், அதிலிருந்து புழுவுக்குப் பதிலாகக் குளவியே வெளிவருகிறது. பயிரில் ஒரு கடிகூட விழுவதில்லை. மற்ற மூன்றிலும் கிடைக்காத இந்த நன்மைக்காகவே இதை முதலிடத்தில் வைக்கிறேன். எனினும் முட்டையிலிருந்து வெளிவந்துவிட்ட புழுவை இது ஒன்றும் செய்யாது. ஆகவே பெண் அந்துப்பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சிகள் விழத் தொடங்கியவுடனேயே இந்தக் குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய ஒட்டுண்ணி அட்டைகளைச் செடிகளில் கட்டிவிட வேண்டும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவைப் புழு தின்றால்தான் பலனுண்டு: புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அதன் புரதப் படிகம் கரைந்து நஞ்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. பிற உயிர்களுக்குத் தீங்கு மிகக் குறைவு. ஆனால் காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இது எட்டாது. வெயிலில் சில நாட்களிலேயே வலுவிழப்பதால், இளம்புழுப் பருவத்தில், மாலை வேளையில் தெளிப்பதே சரி. இதையே திரும்பத் திரும்ப நம்பியிருப்பதும் ஆபத்து, ஏனெனில் முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி இதற்கும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது.

வேப்பங்கொட்டைச் சாறு புழுவின் தீனியைக் குறைத்துத் தோலுரிப்பைக் குலைக்கிறது. தாக்குதல் கடுமையாகிவிட்ட வயலுக்கு அது மட்டும் போதாது.

புழுக்களின் எண்ணிக்கை பொருளாதாரச் சேதநிலையை, அதாவது பயிரிழப்பு கட்டுப்படுத்தும் செலவுக்கு ஈடாகும் அளவைத் தாண்டினால் ரசாயனத்தைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போதும் குறிப்பிட்ட பூச்சியை மட்டும் தாக்கும் மருந்தையே தேர்ந்தெடுத்து, அதன் வீரியம் வயலில் தணிந்த பிறகே அடுத்த அட்டைகளைக் கட்ட வேண்டும்; இல்லையெனில் விட்ட குளவிகள் முட்டையைத் தேடும் முன்பே மடிந்துவிடும்.