மூணு வருஷமா 96 பர்சென்ட்லயே நின்ன லைவ் மைக்ரேஷன்: டர்ட்டி பேஜ் டிராக்கிங்கோட என் அனுபவம்

மியான்மர்ல மோல்மேன் ஊர்ல இருக்க மச்சான் ஒருத்தன் போன வாரம் கேட்டான், செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு சர்வர் வருது, நீ பண்ற மாதிரி கரண்ட் போனதும் விஎம்ம (சர்வருக்குள்ள ஓடற மெய்நிகர் மெஷின்) ஆஃப் பண்ணாம பக்கத்து மெஷினுக்கு நகத்திக்கலாமா, வாங்கலாமான்னு. இப்படி ஓடும்போதே நகத்தறதுதான் லைவ் மைக்ரேஷன். பேசிட்டு இருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சு, அதான் இங்க எழுதிடறேன், மத்தவங்களுக்கும் உதவும்.

நான் யாங்கோன்ல ஒரு உளுந்து, துவரை ஏத்துமதி ஆபீஸ்ல சிஸ்டம் பாத்துக்கறேன். ரெண்டு ஜியான் (இன்டெல் சர்வர் பிராசஸர்) மெஷின், மேல விஎம்ம ஓட்டற லினக்ஸோட கேவிஎம், ஏழு விஎம், நடுவுல ஒரு கிகாபிட் கேபிள். ஒண்ணு ஜெனரேட்டர் லைன்ல இருக்கு, இன்னொண்ணு வெறும் யூபிஎஸ்ல. கரண்ட் போனா யூபிஎஸ் 25 நிமிஷம் தாங்கும், அதுக்குள்ள எல்லாத்தையும் ஜெனரேட்டர் பக்கம் தள்ளிடணும். ஆறு விஎம் சமத்தா போயிடும். ஏழாவது, ஸ்டாக் கணக்கு ஓடற 16 ஜிபி விஎம், அது மட்டும் 96 பர்சென்ட்ல போய் நிக்கும். 97 ஆகும், திரும்ப 96. ஒரு நாள் மைக்ரேஷன் நிலவரம் காட்டற டொம்ஜாப்இன்ஃபோ கமாண்ட்ல இட்டரேஷன், அதாவது ரவுண்ட், 140ஐ தாண்டிடுச்சு, யூபிஎஸ் வேற கத்த ஆரம்பிச்சிடுச்சு, கையெல்லாம் நடுங்குது எனக்கு, கடைசில ஷட்டவுன்தான் பண்ணேன், தெருவுல பசங்க "மீ லா பீ" (கரண்ட் வந்துடுச்சு)ன்னு கத்தினப்போ அது பாதி பூட்ல இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, விஎம் ஓடிட்டு இருக்கும்போதே மெமரிய காப்பி பண்றோம், அதுக்குள்ள உள்ள எழுதிட்டே இருப்பாங்க இல்லையா, அப்ப எந்த 4 கேபி பேஜ் மாறுச்சுன்னு கேவிஎம் ஒரு பிட்மேப்ல குறிச்சு வெச்சுக்கும், அடுத்த ரவுண்டுல அது மட்டும் போகும். மிச்சம் 300 மில்லிசெகண்டுல போற அளவுக்கு குறைஞ்சதும் விஎம்ம ஒரு கணம் நிறுத்தி கடைசிய அனுப்பிடும். 16 ஜிபிக்கு கிட்டத்தட்ட 42 லட்சம் பேஜ், அத்தனைக்கும் சேத்து பிட்மேப் வெறும் 512 கேபி. இந்த மூணு வருஷத்துல ஒரு பேஜ் கூட அது தவற விட்டதில்ல. நகத்தி முடிச்சு டேட்டாபேஸ செக் பண்ணாத நாளே இல்ல, ஒரு தடவை கூட கெட்டுப் போனதா வரல. இதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனா அந்தக் குறிப்பு ரொம்ப முரடு. ஒரு பைட் மாறினாலும் 4 கேபியும் அழுக்கு (டர்ட்டி), அதாவது மாறினதா குறிச்சு மொத்தத்தையும் திரும்ப அனுப்பணும். அதே மதிப்ப திரும்ப எழுதினாலும் அழுக்கு.

இத நான் புரிஞ்சுக்கவே ரெண்டரை வருஷம் ஆச்சு, அதுதான் எனக்கு ஆத்திரம். மைக்ரேஷன் நடக்கும்போது டர்ட்டி ரேட் செகண்டுக்கு 28,000 பேஜ்னு காட்டும். கிகாபிட்ல நிஜமா போறது 110 எம்பி, அதுவும் 28,000 பேஜ்தான். அடடா கொஞ்சம்தான் இடிக்குது, கொஞ்சம் வேகம் கூட்டினா போயிடும்னு கேபிள் மாத்தி, ஸ்விட்ச் மாத்தி, எவ்வளவோ பண்ணேன். அப்புறம்தான் டொம்டர்ட்டிரேட்-கால்க்னு ஒரு கமாண்ட் இருக்கறது தெரிஞ்சுது, விஎம்ம நிர்வகிக்கற லிப்விர்ட் சாஃப்ட்வேரோட 7.2ல இருந்தே இருக்கு, மைக்ரேஷன் ஆரம்பிக்காமலே அளக்கலாம். ஒரு செகண்ட் அளந்தா சுமார் 195 எம்பி. பத்து செகண்ட் அளந்தா செகண்டுக்கு வெறும் 58. முதல்ல கருவி கோளாறுன்னு நெனச்சேன். ராத்திரி படுத்துட்டு யோசிக்கும்போதுதான் பொறி தட்டுச்சு, பத்து தடவ எழுதினாலும் ஒரு பேஜுக்கு ஒரு குறிதான், அப்படின்னா திரும்பத் திரும்ப அழுக்காகறது அதே 580 எம்பிதான்! 2005லயே ஜென் (கேவிஎம் மாதிரி இன்னொண்ணு) மேல லைவ் மைக்ரேஷன் செஞ்ச கேம்பிரிட்ஜ் ஆளுங்க இதுக்கு ரைட்டபிள் வொர்க்கிங் செட்னு பேர் வெச்சிருக்காங்க. நான் ஒரு ரவுண்ட் அனுப்ப அஞ்சு செகண்ட் ஆகுது, அதுக்குள்ள மொத்த 580ம் திரும்ப அழுக்கு. 16 ஜிபில அது மூணரை பர்சென்ட். 96 எங்கேருந்து வந்துச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்டாக் புரோகிராம எழுதின தம்பிகிட்ட கேட்டேன். அஞ்சு வருஷ லாட் எண்ட்ரி ஒன்றரை லட்சமும் மெமரில இருக்கு, மூணு செகண்டுக்கு ஒரு தடவ ஒவ்வொண்ணுலயும் "கடைசியா பாத்த நேரம்"னு எட்டு பைட் எழுதுதாம். எட்டே எட்டு பைட், அதுக்கு ஒரு பேஜ்!

நடுவுல செஞ்ச வைத்தியத்தையும் சொல்லிடறேன். ஆட்டோ கன்வெர்ஜ் போட்டா விஎம்மோட சிபியூவ முதல்ல 20 பர்சென்ட் அமுக்கும், அப்புறம் பத்து பத்தா ஏத்தும், 99 வரைக்கும் போகும், பில் போடற அக்கா எழுந்தே வந்துட்டாங்க, "தம்பி, பில்லு தூங்குது, பயின்னவுங் மார்க்கெட்ல லாரி நிக்குது"ன்னு. கடைசில விஎம்ம நிறுத்தற அந்த 300 மில்லிசெகண்ட் வரம்ப, டவுன்டைம் லிமிட்ட, ஆறு செகண்டாக்கினேன், கிளையண்ட் எல்லாம் அறுந்துச்சு. போஸ்ட் காப்பி, அதாவது விஎம்ம முதல்ல அந்தப் பக்கம் ஓட விட்டுட்டு மெமரிய அப்புறம் இழுக்கறது, நல்ல யோசனைதான், ஆனா நடு வழில மெமரி பாதி இங்க பாதி அங்க இருக்கும், எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் விஎம் காலி. நம்ம ஊர்ல அத எந்த தைரியத்துல போடறது?

கடைசில காப்பாத்தினது எக்ஸ்பிஇசட்ஆர்எல்இ (XBZRLE)ன்னு ஒரு செட்டிங். ஏற்கனவே அனுப்பின பேஜோட காப்பிய வெச்சுக்கிட்டு வித்தியாசத்த மட்டும் அனுப்பும். முன்னாடியே ஒரு தடவ போட்டுப் பாத்து உதவாதுன்னு விட்டிருந்தேன், ஏன்னா அதோட கேஷ் டிஃபால்ட்டா 64 எம்பிதான், என் 580 எம்பி அதுல எப்படி நிக்கும். 1 ஜிபி குடுத்தேன். முதல் ரவுண்ட் வழக்கம் போல ரெண்டரை நிமிஷம், அப்புறம் ரெண்டு ரவுண்ட், முடிஞ்சிடுச்சு. ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல நான் சின்னப் பிள்ள மாதிரி கை தட்டினேன்.

நியாயமா பாத்தா 4 கேபிக்கு கேவிஎம்ம திட்டக் கூடாது, ஹார்ட்வேரே பேஜ் கணக்குலதான் பாதுகாக்குது, பைட்டுக்கு ஒரு பிட்னு வெச்சா 16 ஜிபிக்கு குறிப்பு மட்டுமே 2 ஜிபி ஆயிடும். ஆனா அந்த ஸ்கிரீன்ல "அதே பேஜே திரும்பத் திரும்ப வருது"ன்னு ஒரு வரி காட்டியிருந்தா எனக்கு ரெண்டரை வருஷம் மிஞ்சியிருக்கும். அத என்னால இன்னும் மன்னிக்க முடியல.

மச்சான், உன் சர்வர் விஷயம். ஜியான் இ5 வி3யா வி4யான்னு பாரு. வி3ல பிஎம்எல் (பேஜ் மாடிஃபிகேஷன் லாகிங், மாறின பேஜ பிராசஸரே குறிக்கற வசதி) கிடையாது, எல்லா பேஜையும் எழுத முடியாம பூட்டி வெச்சு, ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒவ்வொரு பேஜ்லயும் முதல் தடவ எழுதும்போதும் விஎம்ம விட்டு வெளிய வந்து குறிக்கணும். வி4ல பிராசஸரே 512 அட்ரஸ் வரைக்கும் தானா எழுதி வெச்சுட்டு நிரம்பினா மட்டும் கூப்பிடும். எங்ககிட்ட ரெண்டும் இருந்துச்சு, வி3ல மைக்ரேஷன் ஆரம்பிச்சாலே அக்காவுக்கு தெரிஞ்சிடும், வி4ல தெரியாது.

இவ்வளவு சொல்லிட்டு, என்கிட்ட முடிவா கேட்டா, கரண்டுக்காகன்னா வாங்காத. அந்தக் காச இன்னும் ரெண்டு பேட்டரில போடு. நான் இத விட மாட்டேன், எனக்கு இது பழகிடுச்சு, பிடிச்சும் போச்சு, ஆனா யூபிஎஸ் கத்தும்போது அந்த 96 முன்னாடி நீ உக்காந்திருக்கறத என்னால நெனச்சுப் பாக்க முடியல. அப்படியும் வாங்கப் போறேன்னா, கடைலயே லினக்ஸ் பூட் பண்ணி கேவிஎம்-இன்டெல் மாட்யூலோட பிஎம்எல் பாராமீட்டர பாரு, "N"னு (இல்லைன்னு அர்த்தம்) வந்துச்சுன்னா காச எண்ணிக் குடுக்காம கெளம்பி வந்துடு.